உன்னை மட்டும் கேட்கவில்லை

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். போனில் கூப்பிட்டால் இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கல்லூரியில் துறைத் தலைவி ஆனதும் அக்கா கண்ணில் படவில்லையாக்கும்.

எனக்குப் புது வேலை. வீட்டில் பெண்களுக்கு விழும் அடி, உதை பற்றிய கணக்கெடுப்பு. ஏறாத மாடிப்படி இல்லை. பெண்ணைத் தனியாக உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும். நடுவில் புருஷன் வந்துவிட்டால் சட்டென்று குழாய்த் தண்ணீர் பற்றிய கேள்விக்குத் தாவிவிடுவோம். சின்ன வயதில் கல்யாணம், படிப்பில்லை, சொந்தச் சம்பாத்தியமில்லை, புருஷன் குடிப்பவன், இப்படிப்பட்ட வீடுகளில்தான் அதிகம் என்று பயிற்சியில் சொன்னார்கள். நேரிலும் பார்க்கிறேன். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. அப்போது உன்னை நினைத்துக்கொள்வேன். இருபத்தொன்பதில் கல்யாணம், கைநிறையச் சம்பளம், டீயைத் தவிர எதையும் தொடாத மாப்பிள்ளை. உன்னைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இல்லை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

இனிமேல் கல்லூரி முகவரிக்கே எழுது. உன் கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். “உங்கக்காவுக்கு ஊரான் வீட்டு விஷயத்தைக் கிளறுறதுதான் வேலையா?” என்றார். நான் போன் பேசும்போதும் பக்கத்திலேயே நிற்பார்.

பயிற்சியில் உனக்குச் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து என்னைக் கழித்துவிட்டாயே. என் சம்பளம் அவர் சம்பளத்தைத் தாண்டிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். ஏன் என்று கல்லூரியில் யாரும் கேட்பதில்லை.

முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் உட்கார்ந்து கேட்கிறாய். என்னிடம் நீ கேட்டதே இல்லை அக்கா.

தங்கச்சி

மார்ச் 20

என் கண்ணே,

இன்று வேலைக்குப் போகவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இப்போது கேட்கிறேன். உன்னை அடிக்கிறாரா? எவ்வளவு நாளாக? அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதா?

என்னுடையது ஒரே அறைதான். இருவர் படுக்கலாம். உன்னை அழைத்துக்கொண்டு போக நான் வரட்டுமா?

அக்கா

மார்ச் 24

அக்கா,

அடிக்கிறார். இரண்டு வருடமாக. பயமாகத்தான் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் வாசலையே பார்க்கிறேன்.

வா. வியாழக்கிழமை நாலு மணிக்கு வகுப்பு முடியும். கேட்டில் அவர் ஸ்கூட்டரோடு நிற்பார். நீ பின்வாசல் வழியாக வகுப்பறைக்கே வந்துவிடு, வெளியே காத்திருக்காதே. தனியாக வெளியே வந்தால் பழக்க தோஷத்தில் அவர் வண்டியிலேயே ஏறிவிடுவேன்.

உன் தங்கச்சி