தாப்பா திடலில், உன் இடத்தில் ஒருத்தி

நேற்று பேருந்திலிருந்து சாமான் பையை இறக்கும்போது முகக்கவசம் நழுவி என் மடியில் விழுந்தது. அடிப்பவளுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர், முகத்தில் பட்டுவிடாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் அந்தக் கம்பிக் கவசம்தான். உள்ளே தைத்திருக்கும் பஞ்சுப் பட்டையில் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது. இத்தனை மாதம் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தும் போகவில்லை.

"குடுலா. ஏன் மோந்து பாக்குற? நான் இன்னும் போடவே இல்ல" என்று ஷாலினி கை நீட்டினாள்.

ஆமாம், ஷாலினிதான். போன ஆண்டு முழுக்க மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்தே இருந்தவள். நீ 'பெஞ்சு மகாராணி' என்று பெயர் வைத்தாயே, அவளேதான். இந்த ஆண்டின் முதல் சாஃப்ட்பால் ஆட்டத்தில் உன் இடத்தில் அவள் நிற்கவிருந்தாள். நான் கவசத்தைக் கொடுத்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்கக்கூடாது. ஆண்டிறுதி விடுமுறையில் உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து, நீ ஈப்போ மருத்துவமனையிலிருந்து திரும்பி வராமலே போன பிறகு, உன் இடத்தில் இன்னொருத்தி ஆடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றவர்கள் ஆடுவார்கள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. பதினாறு வயதைத் தொட்டு, நான்காம் படிவத்துக்கு வந்துவிட்ட ஒருத்தி இப்படி நினைக்கலாமா? ஆனால் நினைத்தேன்.

தாப்பா பள்ளியின் திடல் நம் பீடோர் திடலைவிடப் பெரியது. நான் வழக்கம்போல கேட்சருக்கு நேர் பின்னால், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். திறந்து வைத்தேன், ஆனால் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. ஏன் வந்தேன் என்றே தெரியவில்லை. அதற்கு முந்தின நாள் பயிற்சியாளர் டீச்சர், "நாளைக்கு நீயும் வருகிறாய்தானே?" என்று மலாயில் கேட்டார். தலையாட்டிவிட்டேன். எதற்காக என்னைக் கூப்பிட்டார் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் எப்படி அந்த வலைக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அடிப்பவளின் மட்டையில் பந்து உரசிக்கொண்டு நேர் மேலே எழும்பினால், கேட்சருக்குத்தான் அது எங்கே போனது என்று தெரியாது. கவசத்தைக் கழற்றிவிட்டு வானத்தைத் தேடுவாள். பின்னால் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அன்று நான் ஜம்புப் பழம் கடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். பந்து எழும்பியது. வாய் நிறைய ஜம்புவோடு "வலது! வலது!" என்று கத்தினேன். அதற்குள் நீ என் பக்கமாகத் திரும்பிவிட்டிருந்தாய். உன் வலது என் இடதாகிவிட்டது. நீ ஒரு பக்கம் ஓட, பந்து இன்னொரு பக்கம் விழுந்தது.

நீ வலைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய்: "யாரு வலதுடி? உன் வலதா, என் வலதா, உங்க அப்பா வலதா?"

"எனக்கு ஒரு வலதுதான் இருக்கு."

"அப்ப அத நீயே வச்சுக்க. இனிமே எனக்கு இடம் சொல்லு. அந்தப் பக்கம் கோயிலு, இந்தப் பக்கம் கேண்டீன். நேர் பின்னால வந்தா வேலி. முடிஞ்சது. நான் எப்படித் திரும்பினாலும் கோயிலு நகராதுலா."

அன்றிலிருந்து அப்படித்தான். பந்து எனக்கு வலப்பக்கமுள்ள முதல் பேஸ் பக்கமாக எழும்பினால், அங்கே பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். இடப்பக்கம், மூன்றாம் பேஸ் பக்கமென்றால் நம் கேண்டீன். எதிரணிக்கு ஒன்றும் புரியாது. நம் அணியில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது; அவர்களும் சிரிப்பார்கள். கமுந்திங்கில் ஆடப் போனபோது நான் பேருந்தில் கவலைப்பட்டேன். அங்கே கோயிலும் கேண்டீனும் எந்தப் பக்கம் இருக்கிறதோ என்று. நீ தூக்கத்திலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"எந்தத் திடலுக்குப் போனாலும் நம்ம பாடாங்கைக் கோயிலு, கேண்டீனோட தூக்கிட்டுதான் போறோம். படுத்துத் தூங்கு."

நேற்று தாப்பாவில் ஆட்டம் தொடங்கி நெடுநேரம் பந்து மேலே எழும்பவே இல்லை. ஷாலினி எப்படி ஆடுகிறாள் என்று சொல்லத் தெரியவில்லை. மோசமில்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. பந்தைப் பிடிக்கிறாள். உன்னைப் போலவே தரை மண்ணில் தேய்த்துக் கையைத் துடைக்கிறாள். உன்னைப் பார்த்துக் கற்றதா, எல்லா கேட்சரும் அப்படித்தானா? எனக்கு உன்னைத் தவிர வேறு கேட்சரைத் தெரியாதே. அவள் நன்றாகப் பிடித்தால் புத்தகத்தில் கண்ணைப் புதைத்தேன். தவறவிட்டால் மனம் கொஞ்சம் இலேசானது. பிறகு, இலேசானதற்காகவே கனத்தது. இது என்ன உணர்ச்சி, இதற்கு என்ன பெயர் என்று எந்தப் புத்தகத்தில் தேடுவது?

மூன்றாவது சுற்றில்தான் முதல்முறையாக ஒரு பந்து மேலே எழும்பியது. முதல் பேஸ் பக்கம், தெள்ளத் தெளிவாக. ஷாலினி கவசத்தைக் கழற்றினாள், அண்ணாந்து பார்த்தாள், ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். நான் வாயைத் திறந்தேன். 'கோயில்' என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அது உனக்காக உண்டான சொல். அதை எப்படி அவளுக்குக் கொடுப்பேன்? கொடுத்தால் உன்னிடம் என்ன மிஞ்சும்?

பந்து அவளுக்கு நான்கடி தள்ளி விழுந்தது. அதைப் பிடித்திருந்தால் அவுட்டாகியிருக்க வேண்டிய தாப்பாக்காரி, பிழைத்து அடுத்த பந்தையே ஓங்கி அடித்தாள். அவர்களுக்கு இரண்டு ஓட்டம்.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஷாலினி மட்டும் வலையைப் பார்த்தாள். என்னை. கோபமாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் பார்வை, வாசலில் நின்று கூப்பிட்டும் யாரும் கதவைத் திறக்காதவளின் பார்வை மாதிரி இருந்தது.

பெஞ்சில் டீச்சர் இரண்டாம் படிவத்துப் பெண் ஒருத்தியை எழுப்பிக் கையுறையைப் போடச் சொன்னார். அது என்னவென்று எனக்குத் தெரியும், ஷாலினிக்கும் தெரியும். இன்னொரு பந்து தவறினால் அவள் மறுபடியும் பெஞ்சுக்குப் போவாள். இந்த முறை போனால் இந்த ஆண்டு முழுக்க அங்கேதான். நமக்குப் பிடித்த கேலிதானே அது? 'மகாராணி சிம்மாசனத்துக்குத் திரும்பிட்டாங்க' என்று நீ சொல்லியிருப்பாய். இல்லை, சொல்லியிருக்க மாட்டாயோ? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். நீ இல்லாததால்தானே அவள் அங்கே நிற்கிறாள்? அப்போது என்ன சொல்வாய்? எவ்வளவு யோசித்தும் உன் குரல் வரவில்லை. நீ போன பிறகு முதல் தடவையாக உன் பதில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே எழும்பிவிட்டது. மட்டையில் 'டிக்' என்று ஒரு சத்தம். பந்து மூன்றாம் பேஸ் பக்கமாக மேலே போனது.

"கேண்டீன்! கேண்டீன்!"

கத்தியது நான்தான். எழுந்து நின்று, புத்தகம் காலடியில் விழ, தொண்டை கிழியக் கத்தினேன். கத்திய பிறகுதான் கண்ணில் பட்டது: தாப்பா பள்ளியில் கேண்டீன் எதிர்ப்பக்கம் இருக்கிறது. முதல் பேஸுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் பெயர்ப்பலகையோடு. ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கேண்டீன்கார அண்ணன் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு மாமா, "பசிக்குதா தங்கச்சி? ஆட்டம் முடியட்டும்லா" என்றார்.

நானே அவளைத் தவறான பக்கம் அனுப்பிவிட்டேன், அவள் எங்கே பார்க்கப்போகிறாளோ என்று நினைத்தேன்.

ஷாலினி அந்தக் கேண்டீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்ன மறுநொடியே மூன்றாம் பேஸ் பக்கம் ஓடினாள். அங்கே ஒரு கால்வாயும் இரண்டு மரங்களும் தவிர ஒன்றுமே இல்லை. கால்வாய் விளிம்பில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கில், மடியில் வாங்குவதுபோலப் பிடித்தாள். அழகாக இல்லை. ஆனால் பிடித்தாள்.

போன ஆண்டு முழுக்க அவள் பெஞ்சிலிருந்து நம்மைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாம் அவளைப் பற்றிப் பேசிச் சிரித்தபோது, அவள் கோயிலையும் கேண்டீனையும் மனத்துக்குள் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆட்டத்தில் ஒரு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். இரண்டாம் படிவத்துப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டாள். டீச்சர் ஷாலினியின் முதுகில் தட்டி, அடுத்த வாரமும் நீதான் என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார். எதற்காக என்னைக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

பேருந்தில் ஷாலினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ உட்காரும் இருக்கை. நான் பையை எடுத்து வழிவிட்டேன், ஏனென்று தெரியாது.

"முதல் பந்துக்கு ஏன் கத்தல?"

நான் புத்தகத்தைப் பைக்குள் திணித்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் வலைகிட்ட நின்னு என்னைய வச்சு சிரிப்பீங்க. எனக்குத் தெரியும்லா. அவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. செத்துப்போனவளப் பத்திப் பேசக்கூடாதுன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிறீங்க. எனக்குக் கேக்கணும். என்ன சொன்னா?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் யாருமே என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டதில்லை. உன் வீட்டுக்குப் போனால் உன் அம்மா தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். வகுப்பில் உன் பெயர் வந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது. முதலில் கேட்டவள் இவள்.

"நீ பந்து எறியிறது கோழி வெரட்டுற மாதிரி இருக்குன்னு சொன்னா."

ஷாலினி சன்னலுக்கு வெளியே, செம்பனை மரங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டும்.

"அடோய். நெசமாவே அப்படித்தான் எறியிறேன்" என்றாள். "இன்னும் சொல்லு."

சொன்னேன். பெஞ்சு மகாராணியையும் சொன்னேன். பீடோர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் உன்னைக் காட்டிக்கொடுக்கிறேனா, கூட்டிக்கொண்டு வருகிறேனா என்று எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. இறங்கும்போது அவள், "நாளைக்கு ரெஹாட் நேரத்துல மீதி" என்றாள்.

அந்த இடைவேளைக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ சொன்ன கேலியெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் நேற்று ஷாலினியைப் பற்றியதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது நியாயமில்லை. இன்று, நீ என்னைப் பற்றிச் சொன்னதிலிருந்து தொடங்கப்போகிறேன்.

அவள் ரொம்பச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.