தூங்குறாரு என்று சொன்னது நான்தான்

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் மகன் ஸுஹைருக்கு, உம்மா சபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் உன் தங்கை அஸ்பியாவும் இருக்கிறோம். நல்லபடியாக என்று எழுதக் கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிடும் நேரமெல்லாம் வீட்டில் பத்துப் பேர். அதோடு, உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை துபாய் வரும் சஃபீரிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

வாப்பா கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்குப் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று. மீன்துறையில் கடலுக்குப் போகக் கொடுக்கும் அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டார்கள். பள்ளிவாசல் மைக்கிலும் இரண்டு தடவை சொன்னார்கள். உன் வாப்பாவுக்குக் கேட்டால்தானே! முந்தின நாள் போட்ட வலை கடலில் கிடக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு மதியம் லுஹர் தொழுகைக்குள்ள வந்துருவேன் புள்ள என்றார். டோக்கன் இல்லாமல் போனால் வள்ளத்தின் பதிவை ரத்து செய்வார்கள். போன வருஷம் மேலத்தெரு வள்ளம் ஆறு மாதம் மணலில் கிடந்ததே, அந்தப் பயம். யாரும் கேட்டா தூங்குறாருன்னு சொல்லிரு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

பதினோரு மணிக்கு நம் பஞ்சாயத்து செயலர் நாகலெட்சுமி வந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாலுகா ஆபீசுக்குச் சொல்லி, அவர்கள் பஞ்சாயத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெயர்களைத் தேடித்தான் மீட்புப் படகு போகுமாம். அத்தனையும் அவள் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். அதற்குப் பிறகும் நான், தூங்குறாரும்மா என்றேன்.

அவர் செருப்பு வாசலில் கிடந்தது. கடலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டா போவார்? அவள் அதைப் பார்த்துவிட்டு நம்பினாள். கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் ஆம்பளையிடமே நேரில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அசந்து தூங்குற மனுசனை எழுப்ப வேணாம், நீங்க சொன்னாச் சரிதாங்க்கா என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நம் ஊரில் யாரும் இல்லை என்று மேலே போனது. பக்கத்து ஊரிலிருந்து நாலு பெயர் போனது. மீட்புப் படகு போய் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டது. திரும்பும் முன்பு, இன்னும் யாரும் உண்டா என்று வயர்லெஸில் கேட்டார்களாம். இல்லை என்று பதில் வந்ததாம். அந்தப் பதில் என் வாயிலிருந்து போனது மகனே.

சாயங்காலம் அசர் தொழுகை நேரம் வரை வாசலையே பார்த்திருந்து, பிறகுதான் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். நாகலெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். உடனே போனை எடுத்து எல்லா ஆபீசுக்கும் சொன்னாள். அதற்குள் படகு இறக்க முடியாத கடல் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் வாலிநோக்கம் பக்கம் ஒதுங்கியவரை எடுத்து வந்து அடக்கியது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இதுதான். விசாரிக்க அதிகாரி வந்து, செயலர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று என்னைக் கேட்டார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதேன். வரவில்லை என்று அவராக எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. பாவி, வாயை மூட வேண்டிய நேரத்தில் பேசினேன், பேச வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டேன்.

நீ அதை நம்பி, ஆபீசில் உட்கார்ந்தபடியே கணக்கு எழுதி என் வாப்பாவைக் கொன்றவள் என்று அவள் போட்டோவோடு வீடியோ போட்டாய். ஊரே அதைப் பார்க்கிறது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்து கேட்டதாக அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை, கையெழுத்து இல்லையே. ஜனாஸா எடுத்து அடக்கிய அன்றைக்கு நம் வீட்டு அடுப்பில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டவள் அவள்தான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

திங்கட்கிழமை அவளுக்கு விசாரணை. நான் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். புருஷன் மவுத்தாகி இத்தாவில் வீட்டோடு இருப்பவள் படி தாண்டலாமா என்று உன் மாமி சத்தம் போடுகிறாள். அஸ்பியாவை விட்டுப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டேன். ஒருத்தியின் நியாயத்துக்காகப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பலாம் என்றார். வள்ளத்தின் பதிவு போனால் போகட்டும். இனி அதை ஓட்ட யார் இருக்கிறார்கள்?

அந்த வீடியோவை எடுத்துவிடு. அவளிடம் மன்னிப்புக் கேள். கோபம் முழுக்க என் மேல் வை, நான் தாங்கிக்கொள்வேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனதும் தரட்டும்.

ரம்ஜானுக்கு வருவதாகச் சொன்னாய். என்னை உம்மா என்று கூப்பிட வாய் வராவிட்டால், கூப்பிடாமலே வா.

சபியா