உன் பெயரில் நான் பார்த்த வேலை

அக்கா,

மகளின் மார்க் ஷீட்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது பழைய மில் அட்டை கீழே விழுந்தது. கயிற்றில் இன்னும் மெஷின் எண்ணெய் வாசம் போகவில்லை. படம் என்னுடையது, பெயர் உன்னுடையது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பதினாறு வயது அப்போது. அப்பா காலை ஒடித்துக்கொண்டு கிடந்தார். மில்லில் பதினெட்டு முடிந்தவர்களைத்தான் எடுப்பார்கள். கல்யாணம் நிச்சயமாகி வாழப்பாடிக்குப் போகவிருந்த நீ, உன் பள்ளிச் சான்றிதழை என் கையில் திணித்தாய். "எம்பேருல போ. ஊட்ட உட்டுப் போறவளுக்கு இது எதுக்கு?" என்றாய். தப்பு என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் போனேன். இருபத்திரண்டு வருடம் அந்த மில்லில் எல்லோரும் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டிலும் பி.எஃப். கணக்கிலும் நீதான். ஆதாரை இணைக்கச் சொன்னபோது உன் ஆதாரும் உன் போன் நம்பரும்தான் போயின.

போன வருடம் மில்லை மூடினார்கள். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டிய நேரம். இருந்தது அந்த பி.எஃப். பணம் ஒன்றுதான், அதுவும் நீ வந்தால்தான் கிடைக்கும். போன் பண்ணினேன். "நாளைக்கே வாரேன்" என்றாய்.

இரண்டு பஸ் மாறித் திருச்செங்கோடு வந்தாய். கம்ப்யூட்டர் சென்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாகப் படித்தாய்.

"பென்சன் மட்டும் இப்ப வராதுங்க. அம்பத்தெட்டு வயசு ஆவோணும்" என்றார் சென்டர்காரர்.

"ஆவட்டுங்க. மாசாமாசம் நானே எடுத்தாந்து இவ கையில குடுக்கறேன்" என்று சிரித்தாய்.

வெளியே வந்தபோதுதான் உன் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. "என்னக்கா இப்பிடி வீங்கிக் கெடக்குது?" என்றேன். "பஸ்ஸுல தொங்கப்போட்டே வந்தனல்லொ. டீ வாங்கித் தா" என்றாய். நானும் டீ வாங்கித் தந்தேன். காலேஜ் ஃபீஸைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பணம் உன் பேங்குக்கு வந்த அன்றே முழுவதையும் எனக்கு அனுப்பிவிட்டாய். மூன்றாம் மாதம் நீ போய்ச் சேர்ந்தாய். காரியம் முடிந்த பிறகுதான் மாமா வாயைத் திறந்தார்.

"கிட்னி ரெண்டும் போச்சுன்னு டாக்டர் சொன்னதும் அந்தப் பணம் வந்ததும் ஒரே வாரம் சாமி. உன்னக் கேட்டுட்டு எடுத்து வைத்தியம் பாக்கலாம்னேன். 'அவ நின்னு சம்பாரிச்சது. அதுல கைவச்சா எனக்கு ஒட்டாது. அவகிட்ட மூச்சு விடக்கூடாது'ன்னுட்டா."

அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் மகள் ஒரு வருடம் கழித்துக் காலேஜில் சேர்ந்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? உன்னைத் திட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே கோபம் என்மேல் திரும்பிவிடுகிறது. அந்தக் கால்களைப் பார்த்தவள் நான்தானே.

பென்சன் இனி மாமாவுக்குப் போகுமாம், போகட்டும். அதற்கான தாளில், வேலை செய்தவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. மாமா கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில்தான் நின்றேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன். மில்லில் என்னோடு வேலை பார்த்த பெரியவர், கண்ணாடி போட்டிருந்தார். என் சொந்தப் பெயரை அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மில்லே இல்லை, இனி யாருக்குப் பயம்? ஆனால் நான் மாற்றிச் சொல்லிவிட்டால், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி யார் இருக்கிறார்கள்?

"நல்லாருக்கறயா சாமி?" என்றார் அவர்.

"நல்லாருக்கறனுங்க" என்றேன்.