நான் இல்லாமல் ஓட வேண்டும்

12 ஜூன் 2006, திங்கள்

கானிட்கர் சார் கூப்பிட்டார். கோவை கிளைக்கு நான் கேட்ட மாற்றல் தயாராம். "ஆனால் ஸ்ரீரஞ்சனி, உன் ஸ்கிரிப்டை எல்லாம் யார் பார்ப்பது?" என்றார்.

கொள்முதல், லீவு என்று இந்தப் புனே ஹடப்சர் தொழிற்சாலையின் அனுமதிகள் எல்லாம் சர்வரில் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகளில், குட்டிக் கம்ப்யூட்டர் நிரல்களில்தான் ஓடுகின்றன. என்னைத் தவிர யாருக்கும் அவை புரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஷ்யாம் கோவையில், நான் இங்கே.

20 ஜூன்

பாணேர் பக்கமிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து புது சாஃப்ட்வேர் காட்டினார். ஒரு வரிகூட எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்துவைத்து அம்புக்குறி போட்டால் அனுமதி தானாக ஆள் ஆளாகப் போகும். யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

இரண்டையும் சோதித்து எது வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் சார். என்னிடமே! பெட்டியே போதும் என்று எழுதினால் நான் கோவை ரயிலில்.

1 ஜூலை

ஷ்யாம் போனில் முதல் கேள்வியே, "எழுதிட்டியா கண்ணு?"

10 ஜூலை

சோதனையில் பெட்டி மாட்டிக்கொண்டது.

கணபதி பண்டிகை வந்தால் பாதி தொழிற்சாலை கொங்கணில், சொந்த ஊரில் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவர், "நீ பார்த்துக்கோ" என்று பக்கத்து சீட்டில் வாயால் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். அதனால் என் ஸ்கிரிப்ட், அன்று யார் வேலைக்கு வந்திருக்கிறார் என்று பார்த்து அவரிடம் அனுப்பும். பெட்டியோ ஊருக்குப் போனவருக்காகவே காத்திருக்கிறது. மெஷின் உதிரிபாகம் வராமல் நிற்கும்.

இந்தச் சோதனையைச் செய்யாமலே இருந்திருக்கலாம். இப்போதும் எழுதாமல் விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

14 ஜூலை

எழுதிவிட்டேன், உள்ளது உள்ளபடி. சார் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஸ்கிரிப்டும் இருக்கட்டும், நீயும் இரு" என்றார், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

ராத்திரி போனில் ஷ்யாமிடம் சொன்னேன். அவர், "உனக்கு வரோணும்னு இருக்குதா இல்லியா?"

இல்லாமயா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒருத்திக்கு மட்டும் குக்கர் வெக்கறேனே— அது தெரியலையா இவருக்கு? பொய் எழுதிட்டு வந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேனா? இருந்திருப்பேன்னுதான் தோணுது. அதுதான் கோபம்.

24 ஜூலை

அடுத்த சீட் தேஜஸ் என் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்துவிட்டு ஓடிவந்தான். "ஸ்ரீ, 'தொடாதே' மத்லப் க்யா?" அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று.

விளக்கக் குறிப்புகள் அத்தனையும் தமிழில், ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறேன். 'இதைத் தொடாதே, உடைஞ்சிடும்.' 'கானிட்கர் மறுபடி மாத்தச் சொல்வார், பொறு.' ஆபீசில் தமிழ் பேச ஆளில்லாத ஏக்கத்தில் மெஷினிடம் பேசியிருக்கிறேன். இங்கே யாருக்கும் புரியாதபடி நானே போட்ட பூட்டு! வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதப்போகிறேன். தேஜஸ் கற்றுக்கொள்கிறானாம்.

30 ஆகஸ்ட்

கணபதி. சாரும் ஊருக்குப் போய்விட்டார். மூன்று அனுமதிகள் நடுவில் நின்றன. கை பரபரத்தது; எழுந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தேஜஸே சரிசெய்திருந்தான்.

8 அக்டோபர், கோயம்புத்தூர்

தேஜஸ் பார்த்துக்கொள்வான் என்று சார் சம்மதித்துவிட்டார், வந்துவிட்டேன். ஷ்யாம் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நின்றாராம்.

5 மார்ச் 2007

சாயங்காலம் தேஜஸிடமிருந்து போன். ஐந்து மாதத்தில் முதல் முறை. எங்கோ மாட்டிக்கொண்டான் என்று சந்தோஷமாக எடுத்தேன். அந்த பாணேர் கம்பெனி சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். ஆள் லீவில் இருந்தால் அதுவே வேறொருவரிடம் அனுப்பிவிடுகிறதாம். வாங்கிவிட்டார்கள். "வெள்ளிக்கிழமை உன் ஸ்கிரிப்டை எல்லாம் நிறுத்துகிறோம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது."

"நிறுத்திவிடு" என்றேன். எனக்கு அழுகை வந்தது. எதற்கு? கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே.

"யாரு கண்ணு போன்ல?" என்றார் ஷ்யாம், அடுக்களையிலிருந்து.

"நம்ம ஆபீஸ்" என்றேன். பிறகு, "புனே ஆபீஸ்" என்று திருத்திச் சொன்னேன்.