எதிர்ப்பக்கத்தின் வரி

நவம்பர் 3, திங்கள்

நான் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. என் விசுவாசம் ஆறிப்போகவும் இல்லை. வேறு எங்கும் சொல்லப்போவதில்லை என்பதால் இங்கேயாவது சரியாக எழுதி வைக்கிறேன்.

பூசானிலிருந்து மகள் மி-ராங் தொலைபேசியில் கேட்டாள். "அம்மா, நீங்க கோயில் பக்கமே போறதில்லையாமே. சாவு ஜெபத்துல தலைமைப் பாட்டை மீன்காரம்மாகிட்ட கொடுத்துட்டாங்கன்னு கோபமாமே?"

இந்த மாசான் ஊர் முழுக்க இதைத்தான் பேசுகிறார்கள் போலும். கொடுத்தது உண்மை. ஆனால் நான் போகாததால்தான் கொடுத்தார்கள்; கொடுத்ததால் நான் போகாமல் இல்லை. கோயிலுக்கும் தினமும் போகிறேன். காலை ஆறு மணிப் பூசை, மூன்றாவது தூணுக்குப் பின்னால், வெள்ளை முக்காட்டோடு. அந்த நேரத்தில் எழுந்திருக்க முடியாதவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்றால் அது என் தவறு அல்ல.

காரணம் காது. இடது காது இரண்டு வருடமாக இல்லை. வலது காதில், பக்கத்தில் ஒருவர் மட்டும் பேசினால் விழுகிறது. கூட்டம் பாடினால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல். மி-ராங் வாங்கிக் கொடுத்த கருவி அந்த மழையை இன்னும் பெரிதாக்குகிறது. அலமாரியில் வைத்துவிட்டேன். இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.

நவம்பர் 5, புதன்

எழுதிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அக்டோபர் 21. மருந்துக்கடைக்காரரின் மனைவி இறந்து இரண்டாம் நாள். மருத்துவமனையின் சாவுக்கூடத்தில் வழக்கம்போல இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்தோம். வலப்பக்கம் ஒரு வரி பாடும், இடப்பக்கம் அடுத்த வரி. வலப்பக்கத்துக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் தலைமை. புத்தகத்தைத் திறந்ததில்லை. கண்ணையும் திறந்ததில்லை. கன்னியர் மடப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள்: மனப்பாடம், நேர்முதுகு, மூடிய கண்.

இடப்பக்கத்தின் குரல் எனக்கு விழவில்லை. அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த வரியை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். அது அவர்களுடைய வரி. இரண்டு பக்கமும் நின்றுபோய், நாற்பது பேர் வாயை மூடியிருக்க, நான் மட்டும் முழுக் குரலில் பாடிக்கொண்டு — எவ்வளவு நேரம்? கண்ணைத் திறந்தபோது இறந்தவளின் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் இடது காதுப் பக்கத்தில் கொலும்பா, அந்த மீன்காரி, அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரிடமோ சொல்லிச் சிரிக்கிறாள்.

சாவு வீட்டில் சிரிக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சூப் கொண்டுவந்து வைத்தார்கள், தொடாமல் எழுந்து வந்துட்டேன். யார் கூப்பிட்டாங்கன்னுகூடத் தெரியலை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காதே.

இறங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பங்குத்தந்தையின் பிரசங்கம் ஒரு சொல்லும் விழவில்லை. போன வருடம் விழுந்தவரைக்கும் பார்த்தால் பெரிய இழப்பு இல்லை.

இப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

டிசம்பர் 12 என் கணவர் அம்புரோஸ் இறந்த ஏழாம் ஆண்டு. ஒவ்வொரு வருடமும் மரித்தோர் ஜெப சங்கத்தார் வீட்டுக்கு வந்து அவருக்காகப் பாடுவார்கள். இந்த வருடம் வர வேண்டாம் என்று சங்கத் தலைவர் லாசருவுக்கு ஒரு குறிப்பு எழுதி அவர் வீட்டுக் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். "தனியாக ஜெபித்துக்கொள்கிறேன்" என்று காரணம் எழுதினேன். பொய் அல்ல.

தனியாக என்றால் இரண்டு பக்கத்தையும் நானே பாட வேண்டும். நேற்று முயன்று பார்த்தேன். நாலாவது வரியில் நிறுத்திவிட்டேன். பதில் வராத பாட்டை எவ்வளவு நேரம் பாடுவது?

நவம்பர் 15, சனி

லாசரு வந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார், அதுவும் தரையைப் பார்த்துப் பேசுவார். உதடும் தெரியவில்லை. தெருவில் லாரி வேறு. "சகோதரி" என்பது மட்டும் இரண்டு முறை விழுந்தது. நான் மூன்று இடத்தில் தலையசைத்தேன். அவர் முகம் மாறியது. குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

எதற்குத் தலையசைத்தேன் என்று தெரியவில்லை. இனி வர மாட்டார்கள் என்று மட்டும் தெரிகிறது. நான் கேட்டதுதானே அது.

நவம்பர் 18, செவ்வாய்

ஒன்றுமில்லை. குளிர்.

நவம்பர் 22, சனி

இன்று கோயில் முற்றத்தில் குளிர்காலத்துக்கான கிம்சி ஊறுகாய் போட்டார்கள். முந்நூறு முட்டைக்கோஸ். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக நான் போகவில்லை. உப்பு அளவை யார் பார்த்தார்களோ.

பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறையில் திரும்பினால் கொலும்பா நிற்கிறாள். முழங்கைவரை மிளகாய்ச் சிவப்பு. இடுப்பில் ஒரு கிம்சித் தொட்டி.

"எவ்வளவு நேரமா தட்டுறேன்க்கா. உள்ள விழுந்துகிழுந்து கிடக்கிறீங்களோன்னு வந்துட்டேன்."

"மணியை அடித்துவிட்டு வருவது மரியாதை."

"மணியும் அடிச்சேன்."

தொட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, மீன் நல்லதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்: "காது போயிடுச்சா?"

இந்தப் பங்கில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "வலது காது இருக்கிறது" என்றேன்.

"அப்ப வலது பக்கம் உக்காந்துக்கறேன்." உட்கார்ந்தே விட்டாள்.

வந்தவளை வந்த கோபத்திலேயே கேட்டுவிடுவது என்று கேட்டேன். "அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் மனைவியின் ஜெபத்தில் ஏன் சிரித்தாய்?"

"நானா? எங்க சிரிச்சேன்?"

"கண்ணைத் திறந்தேன். உன் வாய் அசைந்துகொண்டிருந்தது."

"பாடிட்டிருந்தேன்க்கா."

"அது நம் வரி அல்ல."

"தெரியும். நீங்க பாடினீங்க, கூட நானும் பாடினேன். ஒருத்தி பாடினா அது தப்பு. ரெண்டு பேரு பாடினா, எதிர்ப்பக்கத்துக்காரங்கதான் தூங்கிட்டாங்கன்னு ஜனங்க நினைச்சுக்கும்." கிம்சி இலை ஒன்றைக் கிழித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "லாசரு அண்ணன் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டார். நீதானே தலைவியைக் குழப்பிவிட்டதுன்னு. ஆமாங்கண்ணேன்னுட்டேன். அவரு பாவம்க்கா. பேரு லாசரு, பைபிள்ல செத்து எழுந்தவன் பேரு; இத்தனை வருஷமா பாடுறார், ஒரு பிணமாவது எழுந்து உக்காந்துச்சா? அந்தக் கடுப்பு."

நான் கிம்சி இலையை வாங்கிக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது. அதைச் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு சொல்லையும் நான் தவறவிடவில்லை. சந்தையில் கத்திப் பழகிய குரல். இந்த ஊரில் எனக்கு முழுசாக எட்டுகிற ஒரே குரல்.

ஆறு வருடம் முன்பு அவள் மகனைக் கடலிலிருந்து எடுத்தார்கள். சங்கத்தார் நாங்கள் அவனைக் கழுவி, உடுத்தி, மூன்று நாளும் பாடினோம். அதற்கு மறுவாரம் அவள் பாடக் கற்க வந்தாள். மூன்றாவது பாடத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "இது ஜெபம். மீன் ஏலம் அல்ல." அவள் போய்விடவில்லை. கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து அசைத்துக் கற்றுக்கொண்டாள். ஒரு வருடம்.

அது எனக்கு அன்றே தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரியாகிவிட்டது என்று சொல்லி முன்வரிசைக்குக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது.

நவம்பர் 29, சனி

கிறிஸ்துமஸுக்கு முந்திய பாவ அறிக்கை, திருவருகைக் கால ஒப்புரவு. வட்டாரத் தலைவி கொடுத்த பெயர்ச் சீட்டை எடுத்துப் போனேன். இதைப் பெட்டியில் போடாதவர்களைத்தான் ஆறிப்போனவர்கள் என்று பதிவேட்டில் குறிப்பார்கள். போட்டேன்.

கொலும்பாவைப் பற்றிச் சொன்னேன். ஐந்து வாரம் அவளைப் பற்றி நினைத்ததையும் ஆறு வருடம் முன்பு சொன்னதையும். திரைக்குப் பின்னாலிருந்து சாமியார் ஏதோ நிறையப் பேசினார். என்ன பரிகாரம் கொடுத்தார் என்று விழவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈஸ்டருக்குச் செய்ததுபோலவே, குறைந்துவிடக் கூடாது என்று மூன்று சுற்றாக ஜெபமாலையின் நூற்றைம்பது மணியையும் முழங்காலில் நின்று முடித்தேன்.

முழங்கால் வீங்கியிருக்கிறது. "கேட்கவில்லை" என்ற ஒரு சொல்லைச் சொல்லாததன் விலை.

டிசம்பர் 4, வியாழன்

மீன் சந்தைக்குப் போனேன். கொலும்பா வாளை உயர்த்தியவள்போலக் கத்தியோடு நின்றாள். முன்னால் ஒரு பெரிய காட் மீன்.

"பன்னிரண்டாம் தேதி நாலு மணிக்கு வா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா."

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்தீங்களாமே?"

"எழுதியவள் நான். திருத்துகிறவளும் நான்."

"லாசரு அண்ணன் வீட்டுக்கு வந்து, இனிமே வரவே வேண்டாமான்னு கேட்டதுக்கும் மூணு தரம் தலையாட்டினீங்களாம். மனுஷன் அழாத குறை."

அதைத்தானா கேட்டார்.

"காது கேட்கவில்லை" என்றேன். சொல்லிவிட்டேன், மீன் செதில்களுக்கு நடுவில்.

"சரி, சூப் நான் வச்சு எடுத்தாறேன். உங்க சூப்புல மீன் குளிச்சிட்டுப் போன மாதிரி இருக்கும்." பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கொலும்பா அவளிடம், சந்தைக்கே கேட்கும்படி, "அக்காவுக்கு அந்தப் பக்கம் காது கேக்காது. இப்படிச் சுத்தி வந்து சொல்லு" என்றாள்.

என் முகம் எரியும் என்று காத்திருந்தேன். கடைக்காரி ஈர ஏப்ரனைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து, என் வலது காதருகே குனிந்து சொன்னாள்: "கால்கிட்ட தண்ணி, வழுக்கும். பார்த்து நில்லுங்க."

அவ்வளவுதான். அவ்வளவேதான்.

டிசம்பர் 12, வெள்ளி

பதினோரு பேர் வந்தார்கள். அம்புரோஸின் படம், இரண்டு மெழுகுவர்த்தி. மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் இரண்டு வரிசை. லாசரு பழைய வழக்கப்படி தலைமைப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கொலும்பாவிடம் கொடுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் சந்தையில் சொன்னது அதற்குள் மாசானின் பாதித் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் என் வலது பக்கம் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தினால் பாட வேண்டும். விட்டால் நிறுத்த வேண்டும். அந்தக் கையில் இன்னும் மீன் வாடை.

கண்ணை மூடினால் பிசகிவிடும் என்று இன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். இருபத்தாறு வருடம் எதிர்ப்பக்கத்தின் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன், அவர்களைப் பார்த்ததில்லை. லாசரு உயரமான சுரம் வரும்போதெல்லாம் புருவத்தைத் தூக்குகிறார், புருவம் போனால் குரலும் போய்விடும் என்பதுபோல. மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார், மனைவி போய் இரண்டு மாதம் ஆகவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தயாராகிறார். என் அம்புரோஸுக்காக. நான் குழப்பியது அவர் மனைவியின் ஜெபத்தைத்தான்.

இரண்டாவது சங்கீதத்தில் கொலும்பா தன் மூக்கைத் துடைக்கக் கையை எடுத்தாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நான் பாட்டை நடுவரியில் நிறுத்தினேன். அவளும் பதறி நிறுத்தினாள். எங்கள் பக்கம் முழுவதும் நின்றது. எதிர்ப்பக்கம், நாங்கள் முடித்துவிட்டோம் போலும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தயக்கத்தோடு எடுத்தது. கொலும்பாவின் தோள் குலுங்கியது. இந்த முறை அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மரித்தோர் ஜெபத்தின் நடுவில், கணவரின் படத்துக்கு முன்னால், எழுபத்தெட்டு வயதில். மடத்துச் சகோதரிகள் பார்த்திருந்தால் தோட்டத்துச் சரளைக் கல்லில் மண்டியிட வைத்திருப்பார்கள்.

மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். அதைப் பார்த்தேன்.

சந்தோஷம் என்ற சொல்லை நான் எளிதில் எழுதுகிறவள் அல்ல. துக்கம் தீர்ந்தபின் வருவது அது என்று நினைத்திருந்தேன். எதுவும் தீரவில்லை, அம்புரோஸ் வரவில்லை, காதும் வராது. ஆனாலும் இன்று நாலு மணி முதல் ஐந்தேகால்வரை இந்த வீட்டில் இருந்தது அதுதான். ஆண்டவருக்கு நன்றி.

சூப் நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

கோயில் அறிவிப்புப் பலகையில் இறந்தவர் பெயர் ஒன்று பார்த்தேன்: முதியோர் இல்லத்திலிருந்து ஒருவர், உறவினர் இல்லை. சங்கத்தார் போவார்கள். லாசருவுக்கு இன்று காலை எழுதியதை, மறக்காமலிருக்க, இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"லாசரு அவர்களுக்கு. எனக்குக் காது கேட்பதில்லை. இடது காதில் அறவே இல்லை, வலதில் கொஞ்சம். போன மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்டது எனக்கு விழவில்லை, விழாமலேயே தலையசைத்தேன். மன்னியுங்கள். அக்டோபரில் மருந்துக்கடைக்காரர் மனைவியின் ஜெபத்தைக் குழப்பியது நான், கொலும்பா அல்ல. இதைச் சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இனி வலப்பக்கத்துக்கு அவள்தான் தலைமை. எனக்கு அவள் பக்கத்தில் ஓர் இடம் போதும். பலகையில் பெயர் உள்ள அந்தப் பெரியவருக்குப் பாட நானும் வருகிறேன். எந்த மருத்துவமனை, எந்த அறை, எத்தனை மணி என்று தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து ஒரு தாளில் எழுதி, இன்று மாலைக்குள் என் கதவுக்கு அடியில் போடுங்கள். — பிபியானா."