கசிவுக்குக் கேட்ட முத்திரை

சுஷிமாத் தீவில் வாழும் என் பெற்றோரே! உங்கள் மகளின் ஈராண்டு உழைப்பின் மீது பொய்யை எழுதப் பார்க்கிறார்கள், கேளுங்கள். அம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம், கவலை வேண்டாம்.

நான் வளர்ப்பது தாளைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த படலம். எலக்ட்ரானுக்கு அது ஒரு சுவர்; ஆனால் அதை ஏறிக் கடப்பதில்லை, ஊடுருவிச் செல்கிறது. படலத்துக்குள் நேர், எதிர் மின்னேற்றங்கள் நிற்கும் திசையைத் திருப்பினால் ஊடுருவல் கூடும் அல்லது குறையும். கடுங்குளிரிலும் அப்படி ஊடுருவும் மின்னோட்டம் பெரிதாக மாறாது. எங்கள் படலத்தைக் குளிர்வித்தேன், ஓட்டமே அற்றுப்போனது. நாங்கள் கண்டது ஊடுருவல் அன்று, படலத்தின் பழுதுகள் வழியே வெறும் கசிவு!

"நம்ம ஆய்வுக் கட்டுரையிலேர்ந்து அந்தக் குளிர் அளவீட்டை எடுத்துடும்மா. ஒப்புதல் தாள்ல கையெழுத்துக்குப் பதிலா பதிக்க வீட்லேர்ந்து உன் முத்திரையை வரவழை" என்றார் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் இசெசாகி. நான் மறுத்தேன்.

"எலக்ட்ரானே சத்தமில்லாம சுவரைத் தாண்டுது, நீ ஏன் போய் முட்டிக்கிற?" என்று சிரித்தார் மூத்த மாணவர் உசாமி. அன்றுமுதல் நண்பகல் உணவுக்கு என்னை எவரும் அழைப்பதில்லை.

முள்ளங்கி ஊறுகாய் சிறு பொட்டலம் போதும், அம்மா, பகிர்ந்துண்ண ஆளில்லை.

அப்பா, என் பெயர் முத்திரை தையல் பெட்டியில் இருக்கிறது. அஞ்சலகம் மூடுமுன் இன்றே அனுப்புங்கள். அவர்களுடைய ஒப்புதல் தாளில் அல்ல, பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிவிட்ட புகாரின் கீழ் அதைப் பதிக்க வேண்டும்!

சயோரி