திங்கட்கிழமை வந்த தந்தி

சோலோதுர்ன், சுவிஸ், 3.2.1986, திங்கள்

எங்களைப் படம் எடுக்கத் தொலைக்காட்சிக்காரர் வந்துவிட்டார்கள். இந்த அகதி விடுதியில் பதினெட்டுத் தமிழர். ஜெர்மன் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால் மொழிபெயர்ப்பும் நான், தபால் பிரித்துக் கொடுப்பதும் நான். படத்தின் இயக்குநர் ஹூபர் எல்லாரிடமும் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கச் சொன்னார். பத்மநாதன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முகம் காட்டுவாங்களோ அண்ணை?"

"காட்டமாட்டாங்கள், போடு."

தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. மூன்று பக்கத்தை யார் வாசிப்பது?

10.2, திங்கள்

பத்மநாதனுக்குக் கொழும்பிலிருந்து தந்தி. ஹூபரிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. புதன்கிழமை கமெரா வரும், அவன் பிரிப்பதைப் படம் எடுக்கலாம், அதுவரை வைத்திரு என்றார். என் அகதி விசாரணைக்கு நல்ல கடிதம் ஒன்று தருவாராம்.

ஊரிலிருந்து தந்தி என்றால் சாவுதான், வேறென்ன? செத்தவர் புதன்கிழமையும் செத்தவர்தானே. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

11.2

மத்தியானம் பத்மநாதன் சமையல். பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து எனக்குப் போட்டான். சாப்பிட்டேன்.

12.2, புதன்

பின்னேரம் கொடுத்தேன். அறையில் அவன், நான், ஹூபர், கமெராக்காரர். பிரித்தான்.

சாவு இல்லை. "அம்மாவுக்குப் புதன் காலை ஒப்பரேசன். உன் குரல் கேட்க ஆசைப்படுகிறா. செவ்வாய்க்குள் ரெலிபோன் எடு." கீழே கொழும்பு நம்பர். மேலே திங்கட்கிழமை முத்திரை.

அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று இங்கே எழுதமாட்டேன். ஹூபர் கையை ஆட்டி, பேசாமல் நில் என்றார். கமெரா ஓடிக்கொண்டிருந்தது.

13.2

பத்மநாதனின் அம்மா ஒப்பரேசன் மேசையிலேயே முடிந்துவிட்டாவாம்.

1.3

பத்மநாதன் ஒருவருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குப் பயம். இன்றுதான் என்னிடம் வந்தான். அண்ணை என்று கூப்பிடவில்லை.

"அண்டைக்கு எடுத்ததை டிவியில காட்டவேண்டாம் எண்டு சொல்லும். அது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளது."

4.3

சொன்னேன். ஹூபர் அவன் போட்ட கையெழுத்தைக் காட்டினார். பிறகு, அவன் என்ன கத்துகிறான், படத்தின் அடியில் போட வேண்டும் என்றார். உள்ளதைச் சொன்னால் கடிதம் கிடைக்குமா? "அம்மா, என்னை விட்டுப்போட்டுப் போனீங்களே" என்று ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன்.

கடிதம் என் பெட்டியில். நான் ஒரு நாய்.

20.3, வியாழன்

எல்லாரும் சாப்பாட்டு அறையில் டிவிக்கு முன்னால். திரை நிறைய அவன் முகம். சத்தத்தைக் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். குறைக்கவில்லை.

"திங்கள் வந்த தந்தியைப் புதன்வரைக்கும் ஏனடா ஒளிச்சு வைச்சனீ? என்ர அம்மா காத்துக்கொண்டிருந்திருப்பாவேடா!"

விடுதியைப் பார்க்கிற கெல்லர் அம்மா அடியில் ஓடிய எழுத்தை வாசித்து அழுது, ஆறுதலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. அவர்கள் டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார்கள். பத்மநாதன் எழும்பிப் போனான்.

21.3, வெள்ளி

இன்று தபாலை எங்களில் மூத்தவரான பாலசிங்கத்தார் வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். கடைசியில் என்னிடம் வந்தார், வெறுங்கையோடு.

"உமக்கும் ஒண்டு வந்திருக்கு. கடிதமோ தந்தியோ, சொல்லமாட்டன். புதன்கிழமை தாறன்."

இன்று வெள்ளி.